முற்பகல்

பள்ளி வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்றின் தலைப்பில் மு.ப. என்றும், மற்றொன்றின் தலைப்பில் பி.ப. என்றும் எழுதப்பட்டிருக்கும். முற்பகல், பிற்பகல் என்பவற்றின் சுருக்கம் அவை. தேர்வுக் கால அட்டவணையிலும் இவ்விரு சொற்களைக் காணலாம். அரசு அலுவலக ஆணைகளிலும் காணலாம். ஆயினும், பேச்சில் இவற்றுள் ஒன்று ஏறத்தாழ மறைந்தே போயிற்று. பிற்பகலை வானொலிச் செய்தியிலேனும் அவ்வப்போது கேட்கின்றோம். முற்பகல் என்று வாயால் சொல்வாரைக் காண்பது அரிது. பதினொன்றரை மணிக்கு வரும் உறவினரையும் ‘காலையில் வந்தார்’ என்றே கூறுகின்றனர். கதிரவன் தோன்றியது முதல் உச்சியை அடையும் வரை உள்ள பொழுது முழுவதையும் காலை என்னும் ஒரு சொல்லே விழுங்கிவிட்டது.

வழக்கொழிந்து வரும் இச்சொல்லின் பொருளை ஆராயப் புகின், முதலில் ‘பகல்’ என்பதன் பொருளைத் தெளிதல் வேண்டும். அதற்கு எல்லைப்புறத்துச் சிற்றூர் ஒன்று துணை செய்யும்.

சென்னையிலிருந்து அரக்கோணம் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், திருவள்ளூரைக் கடந்தபின் வருவது மணவூர். தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்றான மணவிற் கோட்டம் இவ்வூரின் பெயரால் வழங்கியது. ஊருக்கு மேற்கே திருத்தணிகை மலை உளது. நாள்தோறும் ஒரு படி என எண்ணத்தக்க 365 படிகளை உடைய அம்மலைமேல் முருகன் கோயில் கொண்டுள்ளான். திருத்தணிப் பகுதி சித்தூர் மாவட்டத்தில் இருந்து, எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆதலின் அங்குத் தமிழும் தெலுங்கும் அண்டை வீட்டாரைப் போல வாழ்கின்றன. தமிழர் ‘பகல்’ என்பதனைத் தெலுங்கர் ‘பகலு’ என்பர். தமிழில் ‘பட்டப்பகல்’ என்றால் தெலுங்கில் ‘பட்டபகலு’. கன்னடத்தில் முதலெழுத்து மாறி ‘ஹகலு’ ஆகும். மலையாளத்தில் மாற்றமே இல்லை. இவ்வாறு உடன்பிறந்த மொழிகள் பலவற்றில் ஒரே வடிவில் வாழும் சொல் மிகப் பழைய சொல்லாகவே இருத்தல் வேண்டும்.

இச்சொல்லின் வேர் ‘பகு’ என்பது. பகுத்தல், பகுதி என்னும் சொற்களைத் தந்த வேரே பகலையும் தந்தது. ஆகவே பகல் என்பதற்கு ஒளியுள்ள பொழுது என்பது மட்டும் பொருளன்று; பிரிவு என்பதும் பொருள். திருக்குறளில் ‘இகல்’ என்னும் அதிகாரத்தின் முதற்குறள், பிறரோடு கூடாது பிரிந்து நிற்கும் தீய பண்பினைப் பகல் என்னும் சொல்லாலேயே சுட்டுகின்றது. வெயிலுக்கும் அக்குறளுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

பகுத்தால் பிரிவு உண்டாகும். பிரிவு உண்டாகும் இடம் நடுவாயின், இரு புறமும் ஒத்த கூறாகும். எனவே பகல் என்பதற்கு நடு என்னும் பொருளும், நடுவுநிலைமை என்னும் பொருளும் உண்டாயின. இதற்குச் சிறந்த சான்று உழவர் வீட்டில் உளது. நுகத்தடியின் நடுவே ஓர் ஆணி செருகப்பட்டிருக்கும். அதன் இரு புறத்தும் எருதுகள் பூட்டப்படும். அந்நடு ஆணிக்குப் பழந்தமிழில் பகல் என்பது பெயர். ஆணி ஒரு புறமாகச் சற்றே நகரினும், அப்புறத்து எருதின்மேல் சுமை மிகும்; மற்றையது எளிதாக நடக்கும். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நேர்மையைக் கூற வந்த பட்டினப்பாலை ஆசிரியர் கடியலூர் உருத்திரங்கண்ணனார், வாங்குவோர் பக்கமோ விற்போர் பக்கமோ சாயாத அவர்தம் நெஞ்சிற்கு இந்நுகத்தாணியையே உவமை காட்டினார். வண்டி மாட்டின் கழுத்தில் கிடக்கும் பொருள், வாணிக அறத்திற்கு அளவுகோலாயிற்று.

இனி முற்பகலுக்கு வருவோம். முன் என்பதும் பகல் என்பதும் சேருங்கால், நிலைமொழி ஈற்று னகரம் றகரமாகத் திரிந்து முற்பகல் ஆகும். பின் என்பதனோடு சேரின் பிற்பகல் ஆகும். புணர்ச்சி எளிது. பொருள் கொள்வதிலேதான் சிக்கல் உளது. முற்பகல் என்பது முந்திய பகலா, பகலின் முற்பகுதியா? முந்திய பகல் எனின் நேற்றைய நாளையும் அது குறிக்கலாம். பகலின் முன் எனின், ஒரே பகலின் முதற்பாதி ஆகும். இலக்கணம் கற்ற மாணவர் ‘முன்றில்’ என்னும் சொல்லை அறிவர். இல்லின் முன் என்பது இல்முன் என வரவேண்டியிருக்க, சொற்கள் முன்பின்னாக மாறி முன்றில் என நின்றது. நகர்ப்புறம், புறநகர் ஆனதும் அம்முறையே. பகல்முன் என்பது முற்பகல் ஆனதும் இவ்வாறே என்று பரிமேலழகர் கொண்டார். ஒரு பகலைப் பகுத்தபின் முன்னே நிற்கும் கூறு முற்பகல். பின்னே நிற்கும் கூறு பிற்பகல்.

பகுக்கும் இடம் யாது? நுகத்தின் நடுவே ஆணி நிற்பது போலப் பகலின் நடுவே கதிரவனின் உச்சி நிற்கின்றது. அவ்விடத்தை அறிதல் கடினமன்று. சமதரையில் ஒரு கோலை நேராக நட்டால், காலையில் அதன் நிழல் மேற்கே நீண்டு கிடக்கும். பொழுது ஏற ஏற நிழல் குறுகும். மிகக் குறுகி நிற்கும் கணமே நண்பகல். அதன்பின் நிழல் கிழக்கே நீளத் தொடங்கும். நெடுநல்வாடையில் அரசனது அரண்மனை அமைத்த செய்தி வருகின்றது. கதிரவன் எப்பக்கமும் சாராது நிற்கும் அப்பொழுதை நூலறிந்தோர் இரண்டு கோல்களின் நிழலால் கண்டு, திசை குறித்து, நூல் பிடித்து மனை வகுத்தனர் என்று நக்கீரர் பாடுகின்றார். நண்பகலை அவர் அங்கு ‘அரைநாள்’ என்றே சொல்கின்றார்.

மணவூர் வடக்கு அகலக்கோடு 13 பாகையை ஒட்டி அமைந்த ஊர். ஆதலின் ஆண்டில் இரு முறை, ஏப்ரல் நான்காம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும், நண்பகலில் கதிரவன் நேர் உச்சியில் நிற்கும். அன்று நட்ட கோலுக்கு நிழலே இராது. இவ்விரு நாள்களுக்கு இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கு நோக்கி விழும். ஏனைய மாதங்களில் வடக்கு நோக்கி விழும். பள்ளி முற்றத்தில் ஒரு கோலை நட்டு மாணவர் இதனைத் தாமே கண்டறியலாம்.

கடிகாரம் பரவுவதற்கு முன் பொழுதை நாழிகையால் அளந்தனர். ஒரு நாழிகை 24 நிமிடம். பகலும் இரவும் சேர்ந்த ஒரு நாளுக்கு 60 நாழிகை, பகலுக்கு 30, அதிற் பாதியாகிய முற்பகலுக்கு 15. அரசர் அவையிலும் பாசறையிலும் நீர் ஒழுகும் வட்டில் கொண்டு நாழிகை கணித்துச் சொல்வோர் இருந்தமை முல்லைப்பாட்டால் விளங்கும். வயலில் நிற்கும் உழவனுக்கு வட்டில் ஏது? அவன் ஒரு துரும்பைக் கொண்டே பொழுதை அளந்தான். அம்முறையைக் கற்பிக்கும் பழம்பாட்டு ஒன்றும் நாட்டில் வழங்கி வந்தது.

துரும்பைப் பதினாறு சம பங்காக அளந்து கொள்ள வேண்டும். அதனை ஓரிடத்தில் மடித்து, ஒரு பகுதியை நேரே நிறுத்தி, மற்றப் பகுதியைத் தரையில் கிடத்த வேண்டும். நின்ற பகுதியின் நிழல், கிடந்த பகுதியின் முனையைச் சரியாகத் தொடும்வரை மடிப்பை நகர்த்திப் பார்க்க வேண்டும். தொட்டவுடன் நின்ற பகுதியை எண்ணினால், அது எத்தனை பங்கோ அத்தனை நாழிகை. எட்டுப் பங்கு நின்றால் எட்டு நாழிகை. நுண்ணிய கணக்கு அன்றாயினும், வயல் வேலைக்கு அது போதுமானது.

ஆனால் இம்முறையில் ஓர் இடர் உண்டு. எட்டு நாழிகை என்பது கதிரவன் தோன்றியபின் கழிந்த எட்டாகவும் இருக்கலாம். மறைவதற்கு முன் எஞ்சிய எட்டாகவும் இருக்கலாம். துரும்பு இரண்டிற்கும் ஒரே விடையையே தரும். முற்பகலாயின் அது இன்றைய கணக்கில் ஏறக்குறைய ஒன்பதேகால் மணி. பிற்பகலாயின் மூன்று மணிக்குச் சற்று முன். அளந்தவனுக்கு ஐயம் எழாது. வெயில் எப்பக்கம் என்பதை அவன் கண்ணால் காண்கின்றான். அவன் அதனைப் பிறனுக்குச் சொல்லி அனுப்பும்போதுதான் குழப்பம் நேரும். ‘எட்டு நாழிகைக்கு மடை திறக்க வேண்டும்’ என்று மட்டும் செய்தி போயின், ஒருவன் காலையிலும் மற்றவன் மாலையிலும் போய் நிற்பர். நீர் ஒருவன் வயலுக்குப் பாயும், மற்றவன் வயல் காயும். ஆகவே முற்பகல், பிற்பகல் என்னும் சொற்கள் அழகிற்காக உண்டானவை அல்ல. அவையின்றி நாழிகை என்னும் எண்ணே முழுமை பெறாது.

இதே வேறுபாட்டை மக்கள் வேறு பெயராலும் வழங்கினர். உச்சிக்கு முன் உள்ளது ஏறுபொழுது. பின் உள்ளது இறங்குபொழுது. மங்கலச் செயல்களை ஏறுபொழுதில் தொடங்குதல் நலம் என்று கருதுவோர் இன்றும் உளர். வடமொழியாளர் பூர்வாஹ்ணம், அபராஹ்ணம் என்றனர். நடுவே நின்ற மத்தியாஹ்நம் ‘மத்தியானம்’ எனத் திரிந்து தமிழ்ப் பேச்சில் நிலைத்தது. அதன் இரு துணைகளும் ஏட்டோடு நின்றுவிட்டன. கோயில்களிலும் காலசந்தி வழிபாட்டிற்குப்பின் உச்சிக்கால வழிபாடே நாளின் நடு எல்லையாக நிற்கின்றது.

இலக்கியம் கற்கும் மாணவர்க்கு இங்கு ஓர் ஐயம் எழலாம். சிறுபொழுதுகளைக் கூறும் பாடத்தில் காலை என்பது ஆறு முதல் பத்து மணி வரை எனவும், நண்பகல் என்பது பத்து முதல் இரண்டு மணி வரை எனவும் கற்பிக்கப்படுகின்றதே. அவ்வாறாயின் பதினொரு மணி முற்பகலா, நண்பகலா? இரண்டும் பொருந்தும். அகப்பொருள் இலக்கணம் பொழுதின் தன்மையை நோக்கியது. வெயில் கொளுத்தும் நான்கு மணி நேரத்தையும் அது நண்பகல் என ஒன்றாக்கிற்று. பாலைத் திணைக்கு அதுவே வேண்டுவது. முற்பகல் என்னும் சொல்லோ தன்மையை நோக்காது, எல்லையை நோக்குகின்றது. பகலை மூன்று கூறாக்கும் முறை ஒன்று. இரண்டு கூறாக்கும் முறை மற்றொன்று. இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்த்தலாலேயே குழப்பம் விளைகின்றது.

முற்பகலின் பொருளைச் சரியாக அறியாவிடின், திருக்குறள் ஒன்றின் வலிமை குன்றிவிடும். ‘இன்னாசெய்யாமை’ அதிகாரத்தில், பிறர்க்குத் தீங்கு செய்தவனுக்குத் தீங்கு தானே வந்து சேரும் என்று கூறும் குறளில் முற்பகலும் பிற்பகலும் இணைந்து வருகின்றன. ‘முன்னொரு காலத்தில் செய்தால் பின்னொரு காலத்தில் வரும்’ என்று பலர் பொதுவாகப் பொருள் உரைப்பர். அவ்வாறு கொண்டால், தீங்கு செய்தவன் அஞ்ச வேண்டுவது என்றோ வரப்போகும் ஒரு நாளை. அதுவரை அவன் கவலையின்றி இருக்கலாம். பரிமேலழகரோ ஒரு பகலின் முற்கூறு, அதே பகலின் பிற்கூறு என்று உரை வகுத்தார். அவ்வுரையின்படி, கதிரவன் ஏறும்போது செய்த தீமையின் பயன், அக்கதிரவன் இறங்கி மறைவதற்கு முன்னரே செய்தவனை வந்தடையும். இடையில் ஓர் இரவுகூட இல்லை. தீமை திரும்பும் என்பதைக் காட்டிலும் அது எத்துணை விரைவில் திரும்பும் என்பதே வள்ளுவர் இவ்விரு சொற்களால் உணர்த்தியது. அவர் ‘முன்னர்’, ‘பின்னர்’ என்று எளிதாகச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. சிலப்பதிகாரத்து வஞ்சினமாலையில், பாண்டியன் தேவியை நோக்கிப் பேசும் கண்ணகியின் வாயிலும் இக்கருத்து இதே இரு சொற்களோடு வருகின்றது. கணவனை இழந்து நிற்கும் அவள், என்றோ ஒரு நாள் நீதி கிடைக்கும் என்று ஆறுதல் தேடியா பேசினாள்?

கதிரவனால் வகுக்கப்பட்ட இப்பாகுபாடு கடிகாரத்தின் கைக்குச் சென்ற வரலாறும் மணவூரை ஒட்டியே நிகழ்ந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணியர் இருப்புப்பாதை 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை திறக்கப்பட்டது. மணவூர் வழியே செல்வது அப்பாதையே. வண்டி யாருக்காகவும் காத்திராது. ஆதலின் எல்லா நிலையங்களுக்கும் ஒரே நேரம் வேண்டியதாயிற்று. 1792-இல் நிறுவப்பட்ட சென்னை வானாய்வுக்கூடத்தின் கணக்கைக் கொண்டு ‘மதராஸ் நேரம்’ வழங்கப்பட்டது. பின்னர் அதுவே இந்திய இருப்புப்பாதைகளின் பொது நேரமாக விளங்கிற்று. அந்நேரப்படி மணவூரில் கதிரவன் உச்சியை அடைவது, சராசரியாகப் பன்னிரண்டு மணிக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் கழித்தே ஆகும். சோற்றுக்குக் கரையேறும் உழவன் அவ்விரண்டு நிமிடத்தைப் பொருட்படுத்தியிருக்க மாட்டான்.

1906 ஜனவரி 1 முதல் கிழக்கு நெடுங்கோடு 82½ பாகையை அடிப்படையாகக் கொண்ட இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. அக்கோட்டிற்கு மேற்கே உள்ள மணவூரில் உச்சிப்பொழுது சராசரியாகப் பன்னிரண்டு மணிக்குப் பதினொரு நிமிடம் கழித்து வருகின்றது. பூமி கதிரவனைச் சுற்றும் வேகம் ஆண்டு முழுதும் ஒரே அளவினதாக இல்லாமையாலும், அதன் அச்சு சாய்ந்திருத்தலாலும், இந்தச் சராசரியும் மாறும். பிப்ரவரி நடுவில் உச்சி வருவது ஏறத்தாழ 12.25 மணிக்கு, நவம்பர் தொடக்கத்திலோ 11.55 மணிக்கே வந்துவிடும். பிப்ரவரியில் 12.10 மணிக்குக் கடிகாரம் பிற்பகல் என்று அறிவிக்கும். முற்றத்தில் நட்ட கோலோ இன்னும் முற்பகலே என்று நிழலால் காட்டும்.

ஆங்கிலத்திலும் இத்தகைய ஒரு சொல் உண்டு. ‘ஃபோர்நூன்’ என்பது நூனுக்கு முன் உள்ள பொழுது. நூன் என்பதோ இலத்தீன் மொழியில் ஒன்பதாம் மணியைக் குறித்த ‘நோனா’ என்பதன் வழிவந்தது. கதிரவன் தோன்றியதிலிருந்து எண்ணிய ஒன்பதாம் மணி, இன்றைய கணக்கில் ஏறத்தாழப் பிற்பகல் மூன்று மணி. அச்சொல் நூற்றாண்டுகளின் போக்கில் நழுவி நழுவி நடுப்பகலுக்கு வந்து நின்றது. தமிழ்ப் பகலின் ஆணி அவ்வாறு இடம் பெயரவில்லை என்பது கருதத்தக்கது. ஆங்கிலேயர் நாட்டிலும் இன்று ஃபோர்நூன் பழஞ்சொல்லாகிவிட்டது. எட்டு முதல் பன்னிரண்டு மணி வரை கப்பலில் காவல் புரியும் முறைக்கு அது பெயராக நிற்கின்றது. இந்திய அலுவலகங்களோ அதனை விடாது போற்றி வருகின்றன. அதன் தமிழ் வடிவமாகவே கோப்புகளில் முற்பகல் வாழ்கின்றது.

கோப்பில் அதற்கு வேலையும் உண்டு. அரசுப் பணியில் ஒருவர் முற்பகலில் பொறுப்பேற்றால் அந்நாள் முதலே அவருக்கு ஊதியம்; பிற்பகலில் ஏற்றால் மறுநாள் முதலே ஊதியம். அரைநாள் விடுப்பிலும் எந்த அரை என்று குறித்தல் வேண்டும். ‘காலை’ என்று எழுதினால் கணக்கர் ஏற்கமாட்டார்; காலை எப்போது முடிகிறது என்று எவரும் வரையறுத்துக் கூற இயலாது. முற்பகல் எங்கே முடிகிறது என்பதில் ஐயமே இல்லை.

ஆனால், எல்லையுள்ள சொல்லை எல்லை மீறிப் பயன்படுத்தினால் நகைப்பே விளையும். நள்ளிரவு முதல் நண்பகல் வரையுள்ள பன்னிரண்டு மணி நேரத்தைக் குறிக்கும் ஆங்கிலக் குறியீட்டிற்கு நிகராக, மு.ப. என்பதையே சில அறிவிப்புகளும் கருவிகளும் இன்று காட்டுகின்றன. அதனால் ஊர் உறங்கும் நேரத்தில், ‘முற்பகல் 1.30’ என்று எழுத்து ஒளிர்கின்றது. கதிரவனே இல்லாத வேளையில் பகல் ஏது, அதில் முன் ஏது? ‘பின்னிரவு ஒன்றரை மணி’ என்று சொல்லத் தமிழில் சொல் இல்லாமலில்லை. மாறாக, சரியாகப் பன்னிரண்டு மணிக்கு மு.ப. என்பதா, பி.ப. என்பதா என்று தடுமாறாமல், ‘நண்பகல் 12 மணி’ என்று அச்சிடும் வழக்கம் பாராட்டத்தக்கது. நுகத்தின் ஆணி இடத்து எருதிற்கும் உரியதன்று, வலத்து எருதிற்கும் உரியதன்று.